"ஒரு தடவை வந்து பாருங்கள்"

அன்புள்ள ஐயா,

நான் பயிற்சி மருத்துவர். வார்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. செவிலியர்கள் எங்களை ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை. போன வாரம் ஒரு மூத்த செவிலியர், நான் எழுதிய மருந்தின் அளவு தவறு என்று நோயாளியின் முன்னாலேயே சொன்னார். கூனிக் குறுகிப் போனேன். இரு தரப்புக்கும் இடையே மரியாதை வளர ஒரு பயிலரங்கம் நடத்தலாம் என்றிருக்கிறோம். அதில் என்னென்ன வைக்கலாம்?

ர.

அன்புள்ள ர.,

பயிலரங்கம் நடத்துங்கள், நல்லதுதான். அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் வேறொன்றும் இல்லை. ஓரமாக அழைத்துச் சொல்லியிருக்கலாம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த அளவு உண்மையிலேயே தவறா? உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நீங்கள் குறுகிப் போனது இருக்கிறது, நோயாளி என்ன ஆனார் என்பது இல்லை. எனக்குக் கோபம் வந்தது. உங்கள் வயதில் நானும் இப்படித்தான் இருந்தேன் என்பதால் கூடுதலாக வந்தது.

இரவுப் பணி. முந்தைய நாள் காலையிலிருந்து கண் மூடவில்லை. மூன்று மணிக்கு சிஸ்டர் வந்து எழுப்பினார்.

"டாக்டர், ஏழாவது பெட் அம்மாவை ஒரு தடவை வந்து பார்க்கிறீங்களா? பிரஷர் சரியாத்தான் இருக்கு. எனக்கென்னவோ மனசுக்குச் சரியாப் படல."

"பிரஷர் சரியா இருந்தா எதுக்கு எழுப்புறீங்க?" என்று எரிந்து விழுந்தேன்.

அவர் பதில் பேசவில்லை. திரும்பிப் போய், அந்த அம்மாவின் நெஞ்சு ஏறி இறங்குவதைக் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு முழு நிமிடம் எண்ணினார். வந்து "32" என்று மட்டும் சொன்னார். எழுந்து ஓடினேன். நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு இருக்க வேண்டிய இடம். உடல் நிலைகுலையத் தொடங்கினால் பல நேரம் ரத்த அழுத்தம் விழும் முன்பே மூச்சு வேகமெடுக்கும். படித்துத் தேறியவன் நான், எண்ணிப் பார்த்தவர் அவர். அந்த அம்மா பிழைத்துக்கொண்டார்.

"ஒரு தடவை வந்து பாருங்கள்" என்பது வேண்டுகோள் இல்லை, ர. அது நோயறிதல். எட்டு மணி நேரம் பக்கத்திலேயே இருந்தவர் கண்டுபிடித்ததை, உங்கள் முகம் கோணாதபடி மடித்துக் கொடுக்கிறார். 1967இலேயே லியோனார்ட் ஸ்டைன் என்ற மனநல மருத்துவர் இதை 'மருத்துவர்–செவிலியர் விளையாட்டு' என்று எழுதினார்: யோசனை செவிலியருடையதாக இருக்கும், மருத்துவருக்கே தோன்றியதுபோல் தெரிய வேண்டும். விளையாட்டு என்ற சொல்லைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். 2005இல் இங்கிலாந்தில் சைனஸ் அறுவைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு மூச்சுக்குழாயில் குழாய் செலுத்த முடியவில்லை. அனுபவம் மிக்க மருத்துவர்கள் திரும்பத் திரும்ப அதையே முயன்றார்கள். கழுத்தில் துளையிட்டு மூச்சுவழி அமைக்கும் கருவிகளை ஒரு செவிலியர் எடுத்து வந்தார். இன்னொருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கை கேட்டுவிட்டு, மருத்துவர்களின் முகத்தைப் பார்த்து அதை ரத்து செய்தார். 13 நாள் கழித்து அந்தப் பெண் இறந்துபோனார். என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தது, அதை எப்படிச் சொல்வதென்றுதான் தெரியவில்லை என்று செவிலியர்கள் பின்னர் சொன்னார்கள்.

உங்கள் செவிலியருக்குச் சொல்லத் தெரிந்திருக்கிறது. தூக்கமில்லாமல் அலைகிறீர்கள், பசியோடு மருந்துச் சீட்டு எழுதுகிறீர்கள், அதெல்லாம் எனக்குத் தெரியும் தம்பி. சாப்பிட்டுவிட்டு நேராக அவரிடம் போங்கள். எந்த மருந்து, எவ்வளவு எழுதியிருந்தீர்கள், அவர் எவ்வளவு என்றார், எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்டு எனக்கு எழுதுங்கள். அவர் பெயரையும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த சிஸ்டரின் பெயரை நான் கேட்கவே இல்லை.