ஒரு கால்பந்து கிளப்புக்கு இரண்டு சீசன் முடிந்தும் கோப்பை இல்லை. பயிற்சியாளரை மாற்றலாமா, இன்னும் பொறுக்கலாமா?

இரண்டு சீசனை வைத்து முடிவெடுக்க முடியாது. அதில் பெரும்பகுதி பழைய ஒப்பந்தங்களைத் தீர்ப்பதிலேயே போய்விடும்.

6 கோடி பவுண்டுக்கு ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் ஒரு வீரரை வாங்கினால், கணக்கில் ஆண்டுக்கு 1.2 கோடி செலவு எழுதுவார்கள். இரண்டு ஆண்டு கழித்தும் 3.6 கோடி பாக்கி நிற்கும். அப்போது 2.5 கோடிக்கு விற்றால் 1.1 கோடி நஷ்டம். நிதி விதிகளுக்குள் அடுத்தவரை வாங்கும் இடம் அந்த அளவுக்குக் குறையும். விற்பதும் சுலபமில்லை. இங்கே கிடைக்கும் சம்பளத்தை வேறு கிளப் தராது என்றால் வீரர் ஏன் கிளம்புவார்? இங்கிலாந்து கிளப்பான ஆர்சனல் தன் வீரர்கள் ஓசிலையும் ஓபமேயாங்கையும் ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே விடுவித்தது இதனால்தான்.

அந்த ஆர்சனல் பயிற்சியாளர் அர்டெட்டாவின் கீழ் லீக்கில் இரண்டு முறை 8-ஆம் இடத்தில் முடித்தது. 2021-22 சீசனின் முதல் மூன்று லீக் ஆட்டங்களில் ஒரு கோல்கூட அடிக்காமல் 9 கோல் வாங்கியது. ஆனால் அந்தக் கோடையில் வாங்கிய ஆறு பேருமே 23 வயதைத் தாண்டாதவர்கள். அந்த சீசன் 5-ஆம் இடம், அடுத்தது 2-ஆம் இடம். நிர்வாகம் பதறாமல் இருந்ததை நான் பெரிதாக மதிக்கிறேன்.

பொறுமை என்றால் சும்மா இருப்பது இல்லை. 2017 கோடையில் லிவர்பூலுக்குத் தற்காப்பு வீரர் வான் டைக் கிடைக்கவில்லை. அவசரத்துக்கு வேறொரு சென்டர் பேக்கை (நடுத் தற்காப்பு வீரரை) வாங்காமல் ஜனவரி வரை காத்திருந்து அவரையே வாங்கினார்கள். அடுத்த கோடையில் கோல்கீப்பர் அலிசன் வந்தார். 2017-18 லீக்கில் 38 கோல் வாங்கிய அணி, அடுத்த சீசனில் 22 மட்டுமே வாங்கியது. பயிற்சியாளர் கிளாப் வந்தபின் லிவர்பூலின் லீக் இடங்கள்: 8, 4, 4, 2, பிறகு 1.

இடையில் பயிற்சியாளரை மாற்றினால் ஆட்டமுறையும் மாறும். மூன்று சென்டர் பேக் முறைக்காக வாங்கிய, ஓரங்களில் ஏறியிறங்கி ஆடும் விங் பேக்குகளுக்கு நான்கு பேர் தற்காப்பில் பல நேரம் இடமே இருக்காது. செலவழித்த பணம் பெஞ்சில் உட்காரும்.

மாற்றத்தான் வேண்டும் என்பதற்கு அட்டவணையை விட நல்ல அடையாளங்கள் உண்டு. எக்ஸ்ஜி என்பது வாய்ப்புகளின் தரத்தை வைத்து எத்தனை கோல் வந்திருக்க வேண்டும் என்ற கணிப்பு. பத்துப் பத்து ஆட்டங்களாக நம் அணிக்கும் எதிரணிக்கும் உள்ள எக்ஸ்ஜி வித்தியாசத்தைப் பாருங்கள்; தனி ஆட்டத்தின் எண் ஏமாற்றும். முதல் பதினொருவரின் சராசரி வயது குறைகிறதா? முழு ப்ரீ-சீசன் பயிற்சி கிடைத்தும் அதே மாதிரி எதிர்த்தாக்குதலில் கோல் வாங்குகிறார்களா? பயிற்சியாளரே கேட்டு வாங்கிய வீரர்கள் வெளியே உட்கார்ந்திருக்கிறார்களா? இந்த மூன்றிலும் பதில் மோசமாக இருந்து எக்ஸ்ஜியும் சரிந்துகொண்டே போனால், சீசன் முடியும் வரைகூடக் காத்திருக்க வேண்டாம்.