கேம்களில் கிராஃபிக்ஸ் முக்கியமா, ஃபிசிக்ஸ் முக்கியமா?

என் ஓட்டு ஃபிசிக்ஸுக்கு, அதாவது கேமுக்குள் பொருள்கள் நிஜம் மாதிரி எடையோடு விழுவது, சாய்வது, மோதுவதற்கு. கிராஃபிக்ஸ் எவ்வளவு அசத்தலாக இருந்தாலும் எனக்கு அரை மணி நேரத்தில் கண் பழகிவிடும்.

2004-இல் வந்த ஹாஃப்-லைஃப் 2-ஐ நான் நாலைந்து வருடம் தாமதமாக, கிராஃபிக்ஸ் கார்டே இல்லாத கம்ப்யூட்டரில்தான் ஆடினேன். எல்லா செட்டிங்கும் 'லோ'. தண்ணீர் தார் மாதிரி இருக்கும். ஆரம்பத்தில் கால்வாய்ப் பகுதியில் சீசா மாதிரி ஒரு பலகை. ஒரு முனையில் ஹாலோ பிளாக் கற்களை அடுக்கினால் மறுமுனை உயரும், ஏறிப் போகலாம். நான் கல்லைக் குறைவாக வைத்துவிட்டேன். பாதி தூரம் ஏறியதும் பலகை என்னையும் சுமந்துகொண்டு சாவகாசமாகக் கீழே இறங்கியது. அந்த கேமில் இன்றும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தப் பலகைதான்.

பிறகு ஏன் கம்பெனிகள் கிராஃபிக்ஸ் பின்னாலேயே ஓடுகின்றன? ட்ரெய்லரில் தெரிவது அதுதானே. பலகையின் எடையை ஸ்கிரீன்ஷாட்டில் காட்ட முடியாது. இன்னொரு சிக்கலும் உண்டு. கம்ப்யூட்டர் பழசாக இருந்தால் நிழலைக் குறைக்கலாம், புல்லைக் குறைக்கலாம், கேம் அதேதான். பலகை சாய்வதைக் குறைக்க முடியாது, புதிரே போய்விடும்.

ஃபிசிக்ஸ் இருந்தாலே போதும் என்றும் சொல்ல மாட்டேன். 1998-இல் வந்த ட்ரெஸ்பாசர் என்ற டைனோசர் கேமில் நாயகியின் கையை மவுஸால் ஆட்டி ஆட்டித்தான் ஒரு துப்பாக்கியை எடுக்க வேண்டும். டைனோசர் வருவதற்குள் நமக்கே கை வலித்துவிடும். ஆட்டத்தை மாற்றாமல் வெறுமனே துணி படபடப்பது, செத்தவன் தொளதொளவென்று விழுவது எல்லாம் என் கணக்கில் கிராஃபிக்ஸ்தான்.

சரியாகச் செய்தது 2017-இன் செல்டா: பிரெத் ஆஃப் த வைல்ட். அது ஓடும் நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற கேம் கருவியை டிவியில் மாட்டினாலும் படத் தெளிவு அதிகபட்சம் 900பி, விநாடிக்கு 30 ஃபிரேம்தான். ஆனால் இரும்பு அங்கே இரும்பாகவே நடந்துகொள்ளும்: இடிமழையில் இரும்பு வாள் வைத்திருந்தால் மின்னல் நம் தலையில். மின்சாரப் புதிர் அறை ஒன்றில், அறுந்த சுற்றை எந்த இரும்புப் பெட்டியை வைத்து இணைப்பது என்று அரை மணி நேரம் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அக்கா பையன் கன்ட்ரோலரைப் பிடுங்கி, கேமில் என் பையிலிருந்த இரும்பு வாள்களை ஒவ்வொன்றாக அந்த இடைவெளியில் போட்டான். கதவு திறந்துகொண்டது.

"பெட்டி எதுக்கு மாமா?" என்றான்.