கேரட் செழிக்கும் ஊட்டியில் தென்னை ஏன் வருவதில்லை?

ஒவ்வோர் உயிரும் நன்றாக வளர ஏற்ற ஒரு சூடு உண்டு. அதைத்தான் உகந்த வெப்பநிலை என்கிறோம். கேரட்டுக்கு அது சுமார் 15 முதல் 20 டிகிரி. தென்னைக்கு 27 டிகிரியை ஒட்டி. ஊட்டியோ 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கோடைப் பகலிலும் 25-ஐத் தாண்டுவது அரிது.

காரணம், நொதிகள். உடலுக்குள் நடக்கும் வேலைகளை முடுக்கிவிடும் புரதங்கள் இவை. குளிரில் மந்தமாகும், சூடு மீறினால் உருக்குலையும், வெந்த முட்டை பழையபடி ஆகாதது போல. தோசை மாவையே பாருங்கள், அதைப் பொங்க வைப்பது அதிலுள்ள நுண்ணுயிர்கள்தான். மலையடிவாரத்து மேட்டுப்பாளையத்தில் ராத்திரி கரைத்து வைத்தால் காலையில் பொங்கி வழியும். ஊட்டியில் பாத்திரத்துக்குக் கம்பளி போர்த்தி அடுப்போரம் வைத்தாலும் மறுநாள் மத்தியானம் வரை அசையாது.

உறைபனி வேறு கதை. டிசம்பர், ஜனவரி விடியலில் புல்வெளி உப்பு தூவியதுபோல் வெளுத்துக் கிடக்கும். தேயிலைக் கொழுந்தில் செல்களைச் சுற்றியுள்ள நீர் பனிக்கட்டியாகி, செல்லுக்குள் இருக்கும் நீரையும் வெளியே இழுத்துவிடும், சவ்வு சிதையும். வெயில் ஏறியதும் கொழுந்து நெருப்பில் வாட்டியது மாதிரி கருகிப்போகும்.

அப்புறம், குளிர் கிருமியைக் கொன்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள்; பெரும்பாலும் அது தூங்கத்தான் வைக்கிறது, அந்த ஊட்டி மாவைக் கீழே கொண்டுபோனால் தானாகப் பொங்கும்.