எத்தனை அடுக்குக்குப் பணம் கட்டுவது?

கேள்வி: கோவையில் பன்னிரண்டு பேர் கொண்ட சிறிய மென்பொருள் குழு நடத்துகிறேன். இதுவரை எக்செலும் வாட்ஸ்அப்பும்தான். இப்போது புராஜெக்ட் மேனேஜ்மென்ட் மென்பொருள் ஒன்று வாங்கலாம் என்று விசாரித்தால், ஒரு விற்பனைப் பிரதிநிதி "வேலைக்குள் வேலை என்று ஏழு அடுக்கு வரை போகலாம், மேல் பிளானை எடுங்கள்" என்கிறார். இன்னொருவரிடம் மூன்று அடுக்குதான், ஆனால் விலை குறைவு. எதை எடுப்பது?

பதில்: முதலில் அந்த எக்செல் ஷீட்டைத் திறந்து பாருங்கள். வாடிக்கையாளர் பெயர் இருக்கும். அதன் கீழே "பணம் கட்டும் பக்கம்" மாதிரி ஒரு பெரிய வேலை, அதற்கும் கீழே யார் எதைச் செய்வது என்று நாலைந்து வரி. அனேகமாக அவ்வளவுதான். வாடிக்கையாளரை ஒரு புராஜெக்ட் ஆக்கிவிட்டால் மிச்சம் இரண்டு அடுக்கு, மிஞ்சிப்போனால் மூன்று. ஏழாவது அடுக்கில் வைக்க உங்களிடம் எதுவும் இருக்காது.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில் ஐந்து அடுக்கு வைத்திருந்தோம். ஒரு பட்டனின் நிறத்தை மாற்ற வேண்டும். அந்த டிக்கெட்டை, அதாவது வேலைக் குறிப்பை, எந்தக் கிளையின் கீழ் போடுவது என்று இரண்டு பேர் கால் மணி நேரம் பேசினார்கள். நிறம் மாற்ற இரண்டு நிமிடம் ஆனது.

விற்பவர் சொல்லும் எண்ணிக்கையையும் அப்படியே நம்ப வேண்டாம். சிலர் வேலைகளைப் போட்டு வைக்கும் பெட்டிகளையும் அடுக்காக எண்ணிவிடுவார்கள். கிளிக்அப் என்ற மென்பொருளில் ஸ்பேஸ், ஃபோல்டர், லிஸ்ட் எல்லாம் கடந்த பிறகுதான் டாஸ்க் வரும், அதற்குள் சப்-டாஸ்க், அதாவது வேலைக்குள் வேலை. சென்னைக்காரர்களான ஜோஹோவின் புராஜெக்ட்ஸிலும் டாஸ்க்குக்கு மேலே டாஸ்க் லிஸ்ட் உண்டு. ஜிரா என்ற மென்பொருளில் எபிக் (பெரிய வேலை), அதன் கீழ் ஸ்டோரி (பயனருக்கு வேண்டிய ஒரு வசதி) அல்லது டாஸ்க் அல்லது பக் (பிழை), அதன் கீழ் சப்-டாஸ்க். சப்-டாஸ்க்குக்குள் இன்னொரு சப்-டாஸ்க் போட முடியாது. எபிக்குக்கு மேலே ஓர் அடுக்கு வேண்டுமென்றால் பிரீமியம் பிளானுக்குப் போக வேண்டும். மைக்ரோசாஃப்டின் அஷ்யூர் டெவ்ஆப்ஸில், அதிலுள்ள அஜைல் என்ற வேலை முறையைத் தேர்ந்தெடுத்தால், எபிக், ஃபீச்சர், யூசர் ஸ்டோரி, டாஸ்க் என்று நான்கு அடுக்கு தானாகவே கிடைக்கிறது.

உங்கள் செலவைத் தீர்மானிக்கப்போவது ஆள் எண்ணிக்கைதான். ஜிரா பத்துப் பேர் வரை இலவசம்; அஷ்யூர் டெவ்ஆப்ஸில் ஐந்து பேருக்கு முழுக் கணக்கு இலவசம். பன்னிரண்டு பேரில் கணக்கு எழுதுபவருக்கும் டிக்கெட் போடும் வேலை இருக்கிறதா என்று யோசியுங்கள். ஆள் எண்ணிக்கையைக் குறைக்கிறேன் என்று இரண்டு பேரை ஒரே லாகினில் உட்கார வைக்காதீர்கள். யார் எதை முடித்தார் என்பதே தெரியாமல் போய்விடும்.

சரி, அடுக்கு எண்ணிக்கையை விட்டுவிட்டு எதைப் பார்ப்பது? இலவச சோதனைக் காலத்தில், நீங்கள் ஏற்கெனவே முடித்துக் கொடுத்த ஒரு பழைய வேலையை முழுசாக உள்ளே ஏற்றிப் பாருங்கள். விற்பவர் காட்டும் மாதிரி புராஜெக்டில் எல்லாம் அழகாகத்தான் இருக்கும்.

முக்கியமாக, கீழே உள்ளதை மேலே எப்படிக் கூட்டுகிறது என்று கவனியுங்கள். வடிவமைப்பு 3 நாள், உள்ளடக்கம் 4 நாள், இரண்டும் திங்கட்கிழமை தொடங்குகின்றன. மைக்ரோசாஃப்ட் புராஜெக்டில் இவற்றின் மேல் டாஸ்க் 4 நாள் என்றே காட்டும், 7 என்று அல்ல. முதலில் தொடங்குவதிலிருந்து கடைசியாக முடிவது வரைக்குமான காலம் அது. தவறில்லை, ஆனால் வாடிக்கையாளருக்கு விலை சொல்லும்போது உங்களுக்கு வேண்டியது உழைப்புக் கணக்கு: நாளுக்கு 8 மணி என்றால் மொத்தம் 56 மணி. இந்த இரண்டையும் தனித்தனியாகக் காட்டாத மென்பொருளை நான் வாங்க மாட்டேன். நாலு நாள் வேலைதானே என்று விலை சொல்லிவிட்டு இரண்டு பேர் சம்பளம் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது, சப்-டாஸ்க் யார் கண்ணில் படுகிறது என்பது. அசானா என்ற மென்பொருளில் சப்-டாஸ்க் மேல் டாஸ்க்கின் புராஜெக்டில் தானாகச் சேராது. அந்த டாஸ்க்கைத் திறந்தால்தான் தெரியும், அல்லது கையால் புராஜெக்டில் சேர்க்க வேண்டும். தெரியாமல் வாங்கினால் பாதி வேலை பட்டியலிலேயே வரவில்லையே என்று தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். ஜிராவில் வேறு மாதிரி: சப்-டாஸ்க் முடியாமல் இருக்கும்போதே மேலே உள்ளதை "முடிந்தது" என்று நகர்த்திவிட முடியும். அதைத் தடுக்க ஒர்க்ஃப்ளோவில் (வேலை எந்த நிலையிலிருந்து எதற்கு நகரலாம் என்ற அமைப்பில்) தனியாக ஒரு நிபந்தனை சேர்க்க வேண்டும்.

உங்கள் நிலையில் நான் மூன்று அடுக்கு உள்ளதையே, மாதச் சந்தாவில், மூன்று மாதம் எடுத்துப் பார்ப்பேன்.

கேள்வி: மேல் டாஸ்க் 50% முடிந்தது என்று காட்டுகிறது. உண்மையில் வேலை பாதிகூட ஆகவில்லை. மென்பொருளில் கோளாறா?

பதில்: கோளாறில்லை, தலை எண்ணுகிறது. லாகின் பக்கம் 2 மணி நேர வேலை, பணம் செலுத்தும் இணைப்பு 40 மணி நேர வேலை என்று வையுங்கள். லாகின் முடிந்ததும் இரண்டில் ஒன்று முடிந்ததாக அது 50% போட்டுவிடும். மணிக்கணக்கில் பார்த்தால் 42-ல் 2, அதாவது 5% கூட இல்லை. செட்டிங்ஸில் மணி நேரத்தை வைத்துக் கணக்கிடும் வழி இருக்கிறதா பாருங்கள். இலவச மென்பொருளான ரெட்மைன், ஒவ்வொரு சப்-டாஸ்க்குக்கும் நீங்கள் கொடுக்கும் உத்தேச நேரத்துக்கு ஏற்றபடி எடை போட்டுத்தான் சதவீதம் சொல்லும். நேரமே கொடுக்காமல் விட்டால் அதுவும் பாவம் என்ன செய்யும்?

அப்புறம், ரெட்மைன் இலவசம் என்றதும் பாய வேண்டாம். சர்வர் வாடகை உண்டு, பேக்கப் எடுக்க ஒரு ஆள் வேண்டும்.

கேள்வி: ஒரு வேலையை எதுவரை உடைக்க வேண்டும்? என் டீம் லீட் "மின்னஞ்சல் அனுப்பு" என்பதற்கெல்லாம் சப்-டாஸ்க் போடுகிறார்.

பதில்: வேலையைக் கிளை கிளையாக உடைத்து எழுதும் இந்த முறை அமெரிக்கப் பாதுகாப்புத் துறையில் வளர்ந்தது, 1968-ல் அதற்கென்றே ஒரு ராணுவத் தரவிதி போட்டார்கள். கப்பலும் ஏவுகணையும் கட்டுகிறவர்களின் பழக்கம் என்பதை உங்கள் டீம் லீடிடம் சொல்லுங்கள். 8 மணி நேரத்துக்குக் குறையாமலும் 80 மணி நேரத்துக்கு மிகாமலும் ஒரு துண்டு இருக்கட்டும் என்று புராஜெக்ட் மேனேஜ்மென்ட் துறையில் ஒரு பேச்சு உண்டு. சிறிய குழுவுக்கு 80 ரொம்ப அதிகம், நான் இரண்டு மூன்று நாளில் நிறுத்திவிடுவேன். ஒரே ஆளிடம் கொடுக்க முடிய வேண்டும், முடிந்ததா இல்லையா என்று சந்தேகம் வரக்கூடாது. மின்னஞ்சல் எல்லாம் டாஸ்க்குக்குள்ளே செக்லிஸ்டில் போட்டால் போதும்.

கேள்வி: ஒரு வருடச் சந்தாவை மொத்தமாகக் கட்டி மேல் பிளான் எடுத்தோம். இருபது பேர் நிறுவனம். அந்த அடுக்குகளை யாருமே பயன்படுத்தவில்லை. பணத்தைத் திரும்பக் கேட்டால் தர மறுக்கிறார்கள். நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா?

பதில்: கடினம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், வணிக நோக்கத்துக்காக வாங்குபவர் நுகர்வோர் என்ற வரையறைக்குள் வரமாட்டார். சுயதொழிலில் பிழைப்பு நடத்துபவருக்கு ஒரு விலக்கு உண்டு, ஆனால் இருபது பேருக்குச் சம்பளம் கொடுக்கும் நிறுவனம் அதைப் பிடித்துக்கொள்ள முடியாது. சொன்ன வசதி இல்லவே இல்லை என்றால் ஒப்பந்தத்தை வைத்து வாதாடலாம். உங்கள் விஷயத்தில் வசதி இருக்கிறது, ஆள்தான் தொடவில்லை. பணத்துக்குப் பதில் மீதி மாதங்களைக் கீழ்ப் பிளானுக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள், சில சமயம் ஒத்துக்கொள்வார்கள்.

அடுத்த வருடமாவது பணம் தானாகப் போகாமல் பார்த்துக்கொள்ளலாம். கார்டிலிருந்து ஒவ்வொரு தவணையும் தானாகப் பணம் எடுக்க ஒப்புதல் கொடுத்திருந்தால், ரிசர்வ் வங்கி விதிப்படி, பணம் எடுப்பதற்கு 24 மணி நேரத்துக்கு முன்பே வங்கி உங்களுக்குத் தகவல் அனுப்ப வேண்டும். அந்தத் தகவலிலேயே வேண்டாம் என்று சொல்லும் வழியும் இருக்கும். தொகை 15,000 ரூபாய்க்கு மேல் என்றால் ஓடிபி போன்ற கூடுதல் உறுதிப்பாடு இல்லாமல் எடுக்க முடியாது.

ரத்து செய்வதற்கு முன் எல்லா வேலைகளையும் சிஎஸ்வி கோப்பாக (எக்செலில் திறக்கக்கூடிய எளிய அட்டவணைக் கோப்பாக) இறக்கிக்கொள்ளுங்கள். இறக்கியதும் திறந்து, ஒவ்வொரு வரியிலும் அதன் மேல் டாஸ்க் எது என்று சொல்லும் பத்தி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கணக்கு உயிரோடு இருக்கும்போதே அதை எப்படி எடுப்பது என்று அவர்களிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.