நீக்கியது 11, காணாமற்போனது 19

கேள்வி: சிறிய நிரல்மொழி ஒன்றை உருவாக்கி வருகிறேன். அதன் ஸ்டாண்டர்டு லைப்ரரிக்காக ஹேஷ் முறையில் (உறுப்பிலிருந்து கணக்கிடும் எண்ணைக் கொண்டு அதன் அறையைத் தேர்ந்தெடுக்கும் முறை) ஒரு செட், அதாவது ஒவ்வோர் உறுப்பும் ஒருமுறை மட்டுமே இடம்பெறும் தொகுப்பு, எழுதினேன். சில உறுப்புகளை நீக்கிய பிறகு, உள்ளே இருக்கும் வேறோர் உறுப்பையே ‘இல்லை’ என்கிறது. அதை மறுபடியும் சேர்த்தால் இருமுறை இடம்பெறுகிறது. இரண்டு உறுப்புகளுக்கு ஒரே அறை கிடைத்து மோதல் வந்தால் அடுத்த காலி அறையில் வைக்கிறேன். ஹேஷ் ஃபங்ஷனை மாற்றிப் பார்த்தும் பயனில்லை. பிழை எங்கே?

பதில்: ஹேஷ் ஃபங்ஷன்மீது பழி போடாதீர்கள், பிழை நீக்கும் முறையில் இருக்கிறது. 0 முதல் 7 வரை எட்டு அறைகள் கொண்ட அட்டவணையில், எண்ணை 8-ஆல் வகுத்த மீதியே அறை எண் என்று கொள்வோம். 3, 11, 19 ஆகிய மூன்றுக்கும் மீதி 3 என்பதால், வந்த வரிசைப்படி அவை 3, 4, 5 ஆம் அறைகளில் அமரும். இப்போது 11-ஐ நீக்கி 4 ஆம் அறையை வெறுமையாக்கினால், 19-ஐத் தேடும் நிரல் 3 ஆம் அறையில் தொடங்கி, 4 ஆம் அறை காலியாக இருப்பதைக் கண்டு, அதற்கு அப்பால் ஒன்றுமில்லை என்று திரும்பிவிடும். அடுத்து 19-ஐச் சேர்த்தால் அது 4 ஆம் அறையில் இரண்டாம் முறையாகக் குடியேறும்.

நீக்கிய அறையில் ‘இங்கே ஒன்று இருந்தது’ என்று ஒரு குறி வைப்பது வழக்கமான தீர்வு. தேடல் அக்குறியைக் கண்டால் நிற்காமல் மேலே செல்ல வேண்டும். சேர்க்கும்போதுதான் பலர் தவறுகிறார்கள்: குறியிட்ட அறை கண்ணில் பட்டவுடன் அதில் உறுப்பை வைத்துவிடக் கூடாது. அந்த இடத்தை நினைவில் கொண்டு, உண்மையான காலி அறை வரும்வரை தேடி, அந்த உறுப்பு முன்பே இல்லை என்று உறுதியான பிறகே குறியிட்ட அறைக்குத் திரும்பி வைக்க வேண்டும்.

இன்னொன்று, குறிகளும் இடத்தை அடைக்கின்றன. சேர்த்தலும் நீக்கலும் மாறிமாறி நடக்கும் செட்டில், உறுப்புகள் இரண்டே இருந்தாலும் மீதி அறைகள் குறிகளால் நிரம்பிவிடலாம். அப்போது இல்லாத ஒன்றைத் தேடினால் தேடல் முடிவின்றிச் சுற்றும். இதற்காகத்தான் சிபைத்தானின் (பைத்தான் மொழியை இயக்கும் முதன்மை நிரல்) செட் இரண்டு எண்ணிக்கைகளை வைத்துக்கொள்கிறது: குறிகளையும் சேர்த்து நிரம்பிய அறைகள் எத்தனை, உண்மையில் வாழும் உறுப்புகள் எத்தனை. அட்டவணையை மறுபடி அமைக்க வேண்டுமா என்பதை முதல் எண்ணிக்கையும், எவ்வளவு பெரிதாக அமைப்பது என்பதை இரண்டாவதும் தீர்மானிக்கின்றன. உங்கள் நிரலில் ஒரே எண்ணிக்கைதான் இருக்கும் என்பது என் ஊகம்.

கேள்வி: ஜாவாவின் ஹேஷ்செட் உள்ளுக்குள் ஒரு ஹேஷ்மேப்தான் (ஒவ்வோர் உறுப்புக்கும் எதிரே ஒரு மதிப்பை வைக்கும் அட்டவணை) என்கிறார்கள். அது வீண் செலவல்லவா?

பதில்: செலவு உண்டு. ஒவ்வொரு உறுப்பின் எதிரிலும் பொருளற்ற ஒரே ஆப்ஜெக்டின் முகவரி மதிப்பாக எழுதப்படுகிறது; ஆப்ஜெக்ட் ஒன்றே என்றாலும் முகவரிக்கான இடம் உறுப்புதோறும் போகிறது. ரஸ்ட் மொழியிலும் செட் என்பது மேப்தான். ஆனால் மதிப்பின் அளவு பூஜ்ய பைட் என்பதால் அங்கே இந்தச் செலவே இல்லை. பைத்தானில் செட்டுக்கென்று தனி நிரல் எழுதப்பட்டுள்ளது. நானாக இருந்தால் முதலில் மேப்பின் மீதே கட்டுவேன். மேலே சொன்ன நீக்கல் நுணுக்கத்தை இரண்டு இடங்களில் சரியாக எழுதுவதைவிட, உறுப்புக்குச் சில பைட்டுகளை இழப்பது மலிவு. உள்ளே மேப் இருப்பது மட்டும் வெளியே தெரியாதபடி மறைத்துவிடுங்கள், பின்னாளில் மாற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: செட்டில் வைத்த ஒரு லிஸ்ட்டைப் பிறகு திருத்தினால் என்ன ஆகும்?

பதில்: அதன் ஹேஷ் மதிப்பு மாறிவிடும், லிஸ்ட் பழைய அறையிலேயே இருக்க, தேடல் புதிய அறைக்குப் போகும். பைத்தான் லிஸ்ட்டைச் செட்டில் வைக்கவே விடுவதில்லை. ஜாவா வைக்க விட்டு, பொறுப்பை நிரலாளரிடம் ஒப்படைத்துவிடுகிறது. மொழி உங்களுடையது என்பதால், நான் பைத்தானின் பக்கம் சாய்வேன்.