ஆசிரியரின் வழியிலிருந்து விலகலாமா?

கேள்வி: பள்ளியில் எனக்கு நீர்வண்ணம் கற்றுத்தந்த ஓவிய ஆசிரியர், ஓய்வுபெற்றுப் புதுச்சேரியில் வசிக்கிறார். விடுமுறை நாள்களிலும் கட்டணம் வாங்காமல் எங்களைத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு அழைத்துச் சென்று வரையவைத்தவர் அவர். இன்றும் என் படங்கள் அவருடையவை போலவே இருப்பதாக நண்பர்கள் சொல்கிறார்கள். அவர் வழியை விட்டு விலகினால் நன்றி மறந்தவளாகிவிடுவேனோ என்று தயங்குகிறேன். நான் என்ன செய்யட்டும்?
- ஒரு வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: தாராளமாக விலகுங்கள், விலகி வரைந்தவற்றை அவரிடமே கொண்டுபோய்க் காட்டுங்கள். அவர் தேர்ந்தெடுத்த காட்சிகளும், அவருக்குப் பிடித்த நிறச் சேர்க்கையும், தென்னங்கீற்றை ஒரே வீச்சில் இழுக்கும் கைவாகும் அவருக்கே உரியவை. வெள்ளை வேண்டிய இடத்தைத் தொடாமல் தாளாகவே விட்டுவைப்பது, கண்ணால் அளந்த பிறகே தூரிகையை நனைப்பது, பூச்சு காயும்வரை பொறுத்திருப்பது ஆகிய பழக்கங்களைத்தான் ஒரு நல்ல ஆசிரியர் மாணவருக்கென்று கொடுக்கிறார். அவற்றை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

சென்னை ஓவியப் பள்ளியின் வரலாற்றைப் பாருங்கள். ஜப்பானிய ஓவியர்களின் முறையால் ஈர்க்கப்பட்டு, படத்தை மீண்டும் மீண்டும் நீரில் நனைத்து வண்ணத்தை மென்மையாக்கும் 'வாஷ்' முறையை வளர்த்த வங்காள ஓவியர் அபனீந்திரநாத் தாகூரிடம் ஓவியம் பயின்றவர், பின்னர் சென்னைப் பள்ளியின் முதல்வராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி. அந்த மென்மையிலிருந்து வெகுதூரம் விலகி வந்துதான், மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலையின் முறுக்கேறிய உடல்களை அவர் படைத்தார். அவரிடம் பயின்ற கே.சி.எஸ். பணிக்கரோ, தொடக்கத்தில் நீர்வண்ணத்தில் இயற்கைக் காட்சிகளை வரைந்தவர். பின்னாளில் எழுத்துகளும் குறியீடுகளும் நிறைந்த முற்றிலும் வேறான ஓவியங்களுக்குச் சென்றார், 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவாக முன்னின்றார். மூவரின் படைப்புகளை அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு அவர்களிடையே இருந்த குரு சீட உறவு எளிதில் புலப்படாது. அதற்காக அவர்களில் எவரையும் நன்றி மறந்தவர் என்று நான் எண்ண மாட்டேன்.

சில மாதங்களுக்குக் கடலை விட்டுவிட்டு, புதுச்சேரியின் பிரெஞ்சுக் குடியிருப்புத் தெருக்களில் உள்ள மஞ்சள் சுவர்களை வரைந்து பாருங்கள். பிற்பகலில் நிழல் விழும் சுவர் கறுத்துப்போவதில்லை. வெயில் படும் தெருவிலிருந்து எதிரொளிக்கும் வெளிச்சத்தால் அதன் அடிப்பகுதி ஆரஞ்சு ஏறியும், வானத்தின் ஒளி படும் பகுதி சற்றே குளிர்ந்தும் தெரியும். கறுப்பு வண்ணத்தை எடுக்காமல், அல்ட்ராமரைன் நீலத்தையும் பர்ன்ட் சியன்னா என்னும் செம்பழுப்பையும் கலந்து சாம்பல் நிறம் உண்டாக்கிக்கொள்ளுங்கள். அதில் எந்த நிறம் மேலோங்க வேண்டும் என்பதை அந்தச் சுவரைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். அந்த முடிவுகளில்தான் உங்கள் படம் அவருடையதிலிருந்து பிரியத் தொடங்கும்.

நம் கடலோரக் காற்றில் ஈரப்பதம் அதிகம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பூச்சு காய வெகுநேரமாகும். மேற்பரப்பின் பளபளப்பு மங்கிய உடனே அது காய்ந்துவிட்டதாக எண்ணி, நீர் மிகுந்த தூரிகையை வைத்தால் காலிஃபிளவர் போலக் கறை விரியும். புறங்கையால் தொட்டுப் பாருங்கள். குளிர்ச்சி தெரிந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) எடையுள்ள பருத்தித் தாளாக இருந்தால் அவ்வளவாகச் சுருளாது. விலை அதிகம்தான், ஆனாலும் செலவழிக்கத் தகுந்தது.

நன்றி சொல்லப் பொன்னாடை எடுத்துச் செல்ல வேண்டாம். சரியாக வராத படங்களையும் சேர்த்து எடுத்துச் சென்று, "சார், இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்?" என்று கேளுங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்களிடம் நலம் விசாரிப்பவர்கள் உண்டு. அவர்களுடைய கலையைப் பற்றிக் கேட்பவர்கள் மிகக் குறைவு. அவருக்கு ஒரு படத்தைப் பரிசாகக் கொடுப்பதானால், அலிசரின் கிரிம்சன் போன்ற, வெளிச்சத்தில் வெளுக்கும் நிறங்களைத் தவிர்த்து வரையுங்கள். கண்ணாடிச் சட்டமிட்டு, வெயில் நேராகப் படாத சுவரில் மாட்டச் சொல்லுங்கள். கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பேருந்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான். இந்த மாதமே போய் வாருங்கள்.