லாரியின் பாடி கன்ட்ரோல் மாட்யூலை மாற்றுவதற்கு முன்னும் பின்னும்: நீலகிரி லாரிக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

லாரியில் விளக்கு, இண்டிகேட்டர், வைப்பர், ஹாரன், கதவுப் பூட்டு முதலியவற்றை இயக்கும் மின்னணுப் பெட்டியே பாடி கன்ட்ரோல் மாட்யூல், பட்டறையில் பி.சி.எம். என்பார்கள். மலையில் லாரி ஓட்டுபவர்களும் லாரி வைத்திருப்பவர்களும் இதைப் பற்றிக் கேட்டவற்றுக்கு, குன்னூரில் லாரி ஒயரிங் வேலை பார்ப்பவன் என்ற முறையில் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (கோத்தகிரி): எங்கள் பச்சைத் தேயிலை லாரியில் மழை பெய்த மறுநாள் காலையில் வைப்பர் தானாக ஓடுகிறது, இண்டிகேட்டர் போட்டால் பார்க்கிங் விளக்கும் சேர்ந்து மினுக்குகிறது. வெயில் ஏறியதும் சரியாகிவிடுகிறது. பி.சி.எம்.மை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா ஐயா?

பதில்: இப்போது மாற்ற வேண்டாம். வெயில் ஏறியதும் மறையும் கோளாறு பெரும்பாலும் ஈரத்தால் வருவது. ஒரு விளக்கைப் போடும்போது இன்னொன்று மினுக்கினால் முதலில் எர்த்தை, அதாவது கரண்ட் பேட்டரியின் நெகட்டிவ்வுக்குத் திரும்பும் இணைப்பை, சந்தேகிக்க வேண்டும். தன் வழியில் திரும்ப முடியாத கரண்ட், பக்கத்து விளக்கின் ஒயர் வழியாக எர்த்தைத் தேடிப் போகிறது. ஹெட்லைட்டையும் வைப்பரையும் ஓடவிட்டு, மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை மாட்யூலின் எர்த் பின்னிலும் மற்றொன்றை பேட்டரியின் நெகட்டிவ்விலும் தொட்டுப் பாருங்கள். 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த் நன்றாக இருக்கிறது. அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் போல்ட்டைக் கழற்றி, துருவையும் பெயின்ட்டையும் சுரண்டிவிட்டு மீண்டும் முறுக்க வேண்டும். ஓம்ஸில் வைத்துப் பார்ப்பது போதாது, ஏனென்றால் பத்து இழை அறுந்து ஓரிழை மட்டும் மிஞ்சிய ஒயரும் அந்தச் சோதனையில் நல்ல ஒயராகவே தெரியும்.

அடுத்து மாட்யூலின் கனெக்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். பின்களின் அடியில் பச்சை நிறத்தில் களிம்பு படிந்திருந்தால் தண்ணீர் உள்ளே வந்திருக்கிறது. முன் கண்ணாடியின் ரப்பர் விலகிய இடத்தில் நுழையும் மழைநீர், டேஷ்போர்டுக்குள் இறங்கும் ஒயர்க் கட்டைப் பிடித்துக்கொண்டு நேராகக் கனெக்டருக்குள் வடியும். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் ஐப்பசி மழையிலும், கூடலூர்ப் பக்கம் ஆடி மழையிலும் வரும் புகார்களில் இந்த வழியை நான் முதலில் பார்ப்பேன். ரப்பரைச் சரிசெய்து, ஒயர்க் கட்டு கனெக்டருக்குக் கீழே சற்றுத் தொங்கி மேலேறி வருமாறு கட்டிவிட்டால், தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும். இதைச் செய்யாமல் புது மாட்யூல் போட்டால் அதுவும் அதே தண்ணீரில்தான் நனையும்.

கேள்வி (மஞ்சூர்): மாட்யூலேதான் பழுது என்று எப்போது உறுதியாகச் சொல்லலாம்?

பதில்: சுவிட்சைப் போட்டது ஸ்கேனரில் (மாட்யூலோடு இணைத்து அதன் விவரங்களைப் படிக்கும் கருவியில்) தெரிகிறது, விளக்கை எரியச் சொல்லி மாட்யூல் கட்டளை கொடுப்பதும் தெரிகிறது, மாட்யூலுக்கு வரும் கரண்டும் எர்த்தும் லோடில் (விளக்கு முதலியவை ஓடும்போது) சரியாக இருக்கின்றன, விளக்குக்குப் போகும் ஒயரில் ஷார்ட் இல்லை, இவ்வளவும் இருந்தும் வெளியேறும் பின்னில் வோல்ட் இல்லையென்றால் பழுது மாட்யூலுக்குள்தான்.

ஸ்கேனரில் மாட்யூலே தென்படவில்லை என்றால், பேட்டரியைத் துண்டித்துவிட்டு, மாட்யூல்கள் ஒன்றோடொன்று தகவல் பரிமாறும் கேன் லைனின் இரண்டு ஒயர்களுக்கு இடையே ஓம்ஸ் பாருங்கள். இரு முனைகளிலும் 120 ஓம்ஸ் ரெசிஸ்டர் இருப்பதால் சுமார் 60 காட்ட வேண்டும். 120 காட்டினால் லைன் எங்கோ அறுந்திருக்கிறது அல்லது ஒரு ரெசிஸ்டர் விட்டுப்போயிருக்கிறது; பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் இரண்டு ஒயர்களும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இந்த நிலைகளில் குறை பெரும்பாலும் லைனில் இருக்கிறது.

கேள்வி (கூடலூர்): மூடுபனிக்காகக் கூடுதல் விளக்கு மாட்டினோம். அதிலிருந்து ஹெட்லைட் சிறிது நேரத்தில் அணைந்துவிடுகிறது. சாவியை அணைத்துப் போட்டால் மீண்டும் எரிகிறது.

பதில்: கூடுதல் விளக்கின் ஒயரை ஹெட்லைட் ஒயரிலேயே கிள்ளி ஒட்டியிருப்பார்கள். அளவுக்கு மேல் கரண்ட் இழுக்கப்படுவதைக் கண்டு மாட்யூல் தன்னைக் காத்துக்கொள்ள அந்த வழியை நிறுத்துகிறது. மூடுபனி விளக்கு மலையில் அவசியமானது, அதை எடுக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குத் தனி 24 வோல்ட் ரிலே, தனி ஃப்யூஸ், பேட்டரியிலிருந்து தனி ஒயர் வேண்டும். இதை இப்படியே விட்டால் நல்ல மாட்யூலும் ஒருநாள் எரிந்துபோகும்.

கேள்வி (ஊட்டி): கோவையில் பழைய மாட்யூல் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கிப் போடலாமா?

பதில்: லேபிளில் உள்ள பார்ட் நம்பர் கடைசி எழுத்து வரை ஒத்துப்போனாலும் அது போதாது. உள்ளே பழைய லாரியின் சேசிஸ் நம்பரும், அதன் விளக்கு, கதவு அமைப்புகளும், சில மாடல்களில் சாவியின் விவரமும் பதிந்திருக்கும். சிலவற்றில் அதை அழித்து மறுபடி எழுதவே முடியாது. உங்கள் மாடலில் எழுத முடியும் என்று ஸ்கேனர் வைத்திருப்பவர் உறுதி சொன்ன பிறகே பணம் கொடுங்கள்.

கேள்வி (குந்தா): மாற்றும் வேலையை எந்த வரிசையில் செய்ய வேண்டும்?

பதில்: பழைய மாட்யூலைக் கழற்றுவதற்கு முன்பே ஸ்கேனரைப் போட்டு அதிலுள்ள அமைப்பு விவரங்களைச் சேமிக்க வேண்டும். இந்த ஒன்றை விட்டுவிட்டுக் கழற்றிய பிறகுதான் பலர் தேடி வருகிறார்கள். பழைய மாட்யூல் ஸ்கேனரோடு பேசாத நிலையில் இருந்தால், சேசிஸ் நம்பரைக் கொண்டு கம்பெனியின் கணினியிலிருந்து விவரத்தை எடுக்க வேண்டியிருக்கும். பிறகு சாவியை எடுத்து, சில நிமிடம் பொறுத்து, பேட்டரியின் நெகட்டிவ்வை முதலில் கழற்றுங்கள். கனெக்டர்கள் இருக்கும் நிலையைப் படம் எடுத்துக்கொண்டு, பூட்டு நெம்பைத் திறந்து உருவுங்கள். ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது.

புதிய மாட்யூலில் கோடிங்கை, அதாவது சேமித்த அமைப்பு விவரங்களை, ஏற்றும்போது 24 வோல்ட் சார்ஜர் ஒன்று பேட்டரியோடு இணைந்திருக்க வேண்டும். மார்கழிக் குளிரில் பேட்டரியின் வலு குறைந்திருக்கும். பாதியில் வோல்ட் இறங்கினால் புது மாட்யூலே பயனற்றுப் போகலாம். எல்லாச் சாவிகளையும் கையோடு கொண்டு வாருங்கள். கடைசியில் விளக்கு, பிரேக் லைட், வைப்பர், ஹாரன் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்த பிறகே லாரியைச் சாலையில் எடுக்க வேண்டும்.

கேள்வி (குன்னூர்): நனைந்த மாட்யூலைத் திறந்து வெயிலில் உலர்த்தினால் வேலை செய்யுமா?

பதில்: சில நாள் செய்யலாம். களிம்பு உள்ளே அரித்துக்கொண்டே இருக்கும். ஹெட்லைட்டை இயக்கும் பெட்டி அது; அந்த நம்பிக்கையில் லாரியை மலையில் ஓட்டாதீர்கள்.

கேள்வி (மசினகுடி): கல்லட்டிச் சாலையில் இரவில் எல்லா விளக்கும் ஒரேயடியாக அணைந்தால் என்ன செய்வது?

பதில்: 36 கொண்டை ஊசி வளைவு உள்ள அந்தச் சாலையில் செல்போன் வெளிச்சத்தில் ஒரு வளைவுகூட இறங்காதீர்கள். ஏர் பிரேக்கின் காற்று மாட்யூலை நம்பி இல்லை என்பது உண்மைதான். ஆனால் பிரேக் லைட் எரியாது, சில மாடல்களில் எக்ஸாஸ்ட் பிரேக்கும் (புகைக் குழாயை அடைத்து எஞ்சின் மூலம் வேகத்தைக் குறைப்பது) வேலை செய்யாமல் போகலாம். ஓரமாக நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, பின்னால் தூரத்தில் எச்சரிக்கை முக்கோணத்தை வையுங்கள். பிறகு மெயின் ஃப்யூஸையும் பேட்டரி முனைகளையும் பாருங்கள். எல்லாம் சேர்ந்து அணைந்தால் பெரும்பாலும் குறை அங்கேதான் இருக்கும். போன ஃப்யூஸுக்குப் பதிலாக அதே ஆம்பியர் ஃப்யூஸைத்தான் போட வேண்டும், செம்புக் கம்பியைச் சுற்றக் கூடாது. புது ஃப்யூஸும் உடனே போனால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. பேட்டரியைத் துண்டித்துவிட்டு எலக்ட்ரீஷியனை அங்கேயே வரவழையுங்கள்.